மூன்று மீற்றர் குழாய்

பாண்டியன்குளத்தில், கச்சான் அடிக்கிற ஒரு வியாழக்கிழமை,
பூட்டிக் கிடந்த வீட்டுக்கு
ஏசி பூட்டப் போனேன்.
வீட்டுக்காரர் ரொறன்ரோவில்.
வருசத்தில் இருபத்தொரு நாள் வந்து நிற்பினம்.
"கரண்ட் குறைவா இழுக்கிறதாப் பார்த்துப் போடும் தங்கச்சி."
பெட்டியில் ஐந்து நட்சத்திரம் ஒட்டியிருந்தது.
சுவரில் மேசன் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தார்:
வெளிப்பெட்டி இங்கே.

இரண்டு துளை போட்டபிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.
புள்ளடிக்கு நேரெதிரே, நாலடி தள்ளி,
யோகமலரின் யன்னல்.
யன்னலுக்குப் பின்னால் தையல் மெசின்,
அதற்கும் பின்னால் பள்ளிக்கூடச் சட்டைக் குவியலில்
வேர்க்குரு போட்ட முதுகோடு ஒரு பெடியன்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை.
பயிற்சியின் முதல்நாள் பாடமே அதுதான்:
வெக்கையை அழிக்க ஏலாது,
எழுப்பி இன்னோரிடத்தில் கொண்டுபோய் இருத்தலாம்.
'இடம்பெயர்த்தல்' என்று பலகையில் எழுதினார் மாஸ்டர்.
வகுப்பில் இருபத்திரண்டு பேர்.
ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

பையிலிருந்து கருவியை எடுத்தேன்.
துவக்கு மாதிரித்தான் இருக்கும்,
விசை, சிவப்புப் புள்ளி எல்லாம்.
யோகமலரின் கால் மெசினில் நின்றுவிட்டது.
"சூடு பார்க்கிறது அக்கா" என்றேன்.
சொன்னபிறகே அந்தச் சொல் எனக்கும் கேட்டது.
"வெக்கை. வெக்கை பார்க்கிறது."

பெடியன் ஓடிவந்து பறித்துக்கொண்டான்.
நாய்: முப்பத்தெட்டு.
கிணற்றுக்கட்டு: ஐம்பத்திரண்டு.
ரொறன்ரோக்காரரின் கருநீல ஓடு: அறுபத்தொன்று.
"எங்கட கூரை நாப்பத்திமூண்டு!"

நம்பாமல் நானே ஏணி வைத்து ஏறினேன்.
சீற் முழுக்கச் சுண்ணாம்பு, கண் கூசுகிற வெள்ளை.
"உப்பும் கொஞ்சம் வச்சிரமும் போட்டு மூண்டு பூச்சு.
மாரியில கழுவுப்படும். தை பிறக்கத் திரும்ப அடிப்பன்."
பில்லைக் காட்டினாள். இருபத்தெட்டு யூனிட்.
முப்பதைத் தாண்டினால் விலை மாறும் என்று
மீற்றர் பார்க்க வருமுன் கடைசி நாலு நாளும்
மோட்டரைக் கழற்றிவிட்டுக் காலால்தான் மிதிப்பாளாம்.
அந்தக் கூரைக்கு யாரும் நட்சத்திரம் ஒட்டவில்லை.

ரொறன்ரோவுக்கு எடுத்தேன். அங்கே காலை ஆறரை.
"வெளிப்பெட்டியைப் பின்பக்கம் வேம்புக்குக் கீழ கொண்டுபோகவேணும் அண்ணை.
நிழலில நிண்டா கரண்டும் குறையும்.
மூண்டு மீற்றர் குழாய் கூட, அறுபது கிராம் காஸ் கூட."
"ஏன், அந்தச் சுவரில என்ன பிழை?"
சுவரில் பிழையில்லை என்றேன்.

அவர் தன் வீட்டு வெளிப்பெட்டியை வீடியோவில் காட்டினார்.
பனிக்காலத்தில் அது திருப்பி ஓடுமாம்.
சைபருக்குக் கீழே பன்னிரண்டில் நிற்கிற காற்றிலும்
எங்கோ மிச்சமிருக்கிற சூட்டைப் பொறுக்கி
வீட்டுக்குள் கொண்டுவருமாம்.
"பனிக்குள்ள என்ன சூடெண்டு நானும் நம்பேல்ல, பிள்ளை. இருக்கு."
அதன் வாய் யாருடைய யன்னலைப் பார்க்கிறது என்று
கேட்க நினைத்தேன்.
"எவ்வளவு கூட?" என்றார் அவர்.
பன்னிரண்டாயிரம்.
"யோசிச்சுச் சொல்லுறன்."

அவர் யோசிக்கட்டும் என்று
இரண்டு துளையையும் சீமெந்து வைத்து அடைத்தேன்.
யோகமலர் தேத்தண்ணி நீட்டினாள்.
"இதிலயே போட்டிருக்கலாம். வருசத்தில மூண்டு கிழமைதானே."
நூல் கோத்தபடி சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை.

இரவு, மல்லாவியில் என் வாடகை அறை.
மேலே தகரம். பழைய ஃபான், எழுபத்தைந்து வோட்ஸ்,
எந்த இலக்கத்தில் விட்டாலும்
வெக்கையை ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவருக்குக்
கூட்டிக்கொண்டு நடக்கிறது.
போனில் இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.

உப்பு எத்தனை பிடி என்று கேட்க மறந்துபோனேன்.