நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

காதைச் சோதித்துவிட்டு ஒரு தாள் கொடுத்தார்கள்.
முன்பக்கம் ஒரு கோடு
சமதரையில் நடந்துவந்து
நாலாயிரம் ஹெர்ட்ஸில் கால் தவறி
உள்ளே விழுகிறது.
இடது காது.
ரயில் பெட்டிப் பட்டறையில்
இருபத்திரண்டு வருட ரிவெட் அடி.
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
அதில் வரையத் தொடங்கினேன்.

டுலூத்தில் பிப்ரவரி.
துறைமுகம் உறைந்து
இரும்புத்தாதுக் கப்பல்கள் சும்மா நிற்கின்றன.
நிலவறையில் ஹீட்டர் முனகுகிறது,
வலது பக்கம் மட்டும்.

அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயரின் சுற்றுப்படம்
எனக்கு மனப்பாடம்.
முன்னால் இரண்டு சின்ன வால்வு,
பின்னால் இரண்டு பெரியது,
மின்சாரத்தை ஒருவழிப் பாதையாக்க இன்னொன்று.
ஒரு கை விரல்களோடு கணக்கு முடிந்தது.
ஒலியைப் பாதிக்கு மேல் ஏற்றினால்
அதன் குரல் ஓரத்தில் கிழியும்.
அந்தக் கிழிசலுக்குத்தான் இத்தனை பாடு.

ஆனால் தடித்த கம்பியைத் தட்டினால் சேறு.
அதனால் புள்ளி ஒன்று மைக்ரோஃபாரடை அடித்துவிட்டு
புள்ளி பூஜ்யம் இரண்டு இரண்டு என்று எழுதினேன்.
கொஞ்சம் வடியட்டும்.

பிறகு ஃபீட்பேக் கம்பி, பழைய படத்தில் இல்லாதது.
வெளியே போகும் ஒலியில் ஒரு சிட்டிகை எடுத்து
உள்ளே திருப்பி அனுப்பும்.
தான் சொன்னதைத் தானே கேட்டு
ஆம்ப் கொஞ்சம் அடங்கும்.
அதற்கு ஒரு சுவிட்ச் வைக்கிறேன்.
எனக்கு அப்படியொன்று இருந்திருந்தால்
என் தங்கை மார்லிஸ் இன்னும் பேசிக்கொண்டிருப்பாள்.

முந்நூற்று ஐம்பது வோல்ட்.
அணைத்த பிறகும் மின்தேக்கிகள்
மனதில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்.
வடித்துவிட ஒரு மின்தடை,
இதை மட்டும் சிவப்பில் வட்டமிட்டேன்.

வந்து நின்றது ட்ரெபிளில்.
உச்ச ஸ்தாயிக்குப் பளபளப்பு ஏற்றும்
சின்னஞ்சிறு மின்தேக்கி,
பொட்டுக்கடலை அளவு.
நூறு பிகோஃபாரடா, ஐந்நூறா?
எனக்கு இரண்டும் ஒன்றுதான்.
தாளை பல்புக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
மறுபக்கத்துப் பள்ளம்
இன்னும் ஒரு அங்குலம் தள்ளித்தான் இருந்தது.
எதுவும் பொருந்தவில்லை.

அக்டோபரில், ஒத்திகை முடிந்த இரவு,
ஆர்வோ மறந்து விட்டுப்போன கோட்டை
மடித்து வைக்கப் போனேன்.
பையில் உருட்டிய டிஷ்யூ, நான்கு துண்டு.
ட்ரூடியின் டிரம் குச்சிப் பையில் இன்னும் இரண்டு.
என் ட்ரெபிள் பத்தில் இருந்திருக்கிறது.
எத்தனை வியாழக்கிழமைகளோ.
ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
காதும் காதும் வைத்தாற்போல் என்பது
காதுக்குள் காகிதம் வைத்தாற்போல் ஆகிவிட்டது.

கோபம் இரண்டு நாள் இருந்தது.
மூன்றாம் நாள்தான் இந்தத் தாள் வாங்கப் போனேன்.

இது செவிடன் காதில் ஊதிய சங்கல்ல,
செவிடு செய்கிற சங்கு.
ஊதிப் பார்க்க வேறு ஆள் வேண்டும்.

ஆகவே அந்த ஒரு இடத்தில்
ஈயம் உருக்கப் போவதில்லை.
திருகி மாட்டும் இரண்டு முனை,
ஒரு டப்பாவில் ஏழு மின்தேக்கி.
ஆர்வோ எதிரே உட்காருவான்.
நான் ஒவ்வொன்றாக மாட்டி, அணைத்து, வடித்து, மாற்றி,
கம்பிகளைப் பார்க்காமல்
அவன் இடது புருவத்தைப் பார்ப்பேன்.
மூஞ்சி சுளிக்காத எண் எதுவோ அது.
அவன் பொய் சொல்வான், நல்லவன்.
புருவத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஆனாலும் பின்பலகையில்
பெயர் எழுதாத ஒரு சுவிட்ச் உண்டு.
அதைத் தட்டினால் முழுப் பளபளப்பும் வரும்,
பழைய பத்து.
வீட்டில் யாருமில்லாதபோது,
பக்கத்து வீட்டு நாய்
என்னை மன்னிக்கும் பட்சத்தில்.

மொத்தம் இருநூற்றுப் பதினேழு டாலர்,
மரப்பெட்டி சேர்க்காமல்.
பெரிய டிரான்ஸ்பார்மர் மட்டும்
எப்படித் திருப்பினாலும்
எட்டு மில்லிமீட்டர் இடிக்கிறது.