டிக்

மூன்று தவணை பாக்கி.
வண்டியை எடுத்துப்போக ஞானதிரவியம் வந்தபோது
முக்கூடலில் மழை விட்டு அரை மணி நேரம்.
கூட வந்தவன் அவனை இறக்கிவிட்டு
அம்பாசமுத்திரம் பக்கம் அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

நான் ஒன்றும் பேசவில்லை. சாவியைக் கொடுத்தேன்.
கையெழுத்துக் கேட்டான், போட்டேன்.
ஏறி உட்கார்ந்து செல்ஃபை அமுக்கினான்.

டிக்.

அவ்வளவுதான். பல்லியாவது
இரண்டு தரம் சொல்லும்.

'அண்ணாச்சி, என்னமும் பண்ணி வச்சிருக்கியளா?'
'காலையில பாப்பாக்குடிக்கு இலைமூட்டை
கொண்டுபோய்ட்டு வந்த வண்டி தம்பி இது.'
அவன் நம்பவில்லை.
எனக்கே கொஞ்சம் கூச்சம்,
என் சார்பில் அது அடம்பிடிப்பதுபோல.

சிவப்பு சுவிட்ச் ஆனில்தான் இருந்தது.
நியூட்ரலுக்குப் பச்சை எரிந்தது.
ஸ்டாண்டை மடக்கினான். கிளட்சைப் பிடித்தான்.
ஹாரன் அடித்ததில்
எதிர்வீட்டுக் கூடைக்குள் கோழி சிறகடித்தது.
'பேட்டரி இருக்கே?'
'ஹாரனுக்குக் காணும். மோட்டாருக்குக் காணணும்லா.'

இந்த மாடலுக்குக் கிக்கர் கிடையாது.
ஷோரூமில் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்கள்.

தள்ளினோம். அவன் ஷூவோடு, நான் வெறுங்காலோடு,
பீடிக்கடை முக்கு வரைக்கும்.
செகண்ட் கியரில் கிளட்சை விட்டால்
பின்டயர் சேற்றில் நீளமாகக் கோடு இழுத்து நின்றது.
தட்டோடு வரிசையில் நின்ற பெண்கள்
யார் பக்கம் நின்று சிரிப்பது என்று தெரியாமல்
பொதுவாகச் சிரித்தார்கள்.

திரும்பி வந்தபோது வாசலில் டூல் பை இருந்தது.
கேட்காமலே பரிபூரணம் எடுத்து வைத்திருந்தாள்.
ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

சீட்டைக் கழற்றினேன். ஃப்யூஸைத் தூக்கிப் பிடித்தேன்,
கம்பி முழுசாக இருந்தது.
'ரிலேயா இருக்குமோ?'
'டிக்குனு கேக்குதுல்லா, அது அதோட வேலையைச் செய்யுது.'
'அப்ப மோட்டார் பிரஷ்ஷு?'
ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்தேன். பொறி பறந்தது.
ஒன்றும் திரும்பவில்லை.

போனில் டார்ச் அடித்தான்.
கழுத்தில் தொங்கிய அட்டை இடித்துக்கொண்டே இருந்ததால்
கழற்றிப் பைக்குள் போட்டான்.
கொஞ்ச நேரத்தில் அந்த வெளிச்சம்
நான் கேட்குமுன்பே
நான் பார்க்கப்போகிற இடத்துக்கு வந்து நின்றது.

தடித்த ஒயர்த் துண்டு ஒன்று.
ஒரு நுனி பேட்டரி மைனஸில், மறு நுனி எஞ்சின்மேல்.
'அமுக்கு.'
க்ர்ர் என்று அரைச்சுற்று.

எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரியவில்லை.

எஞ்சினுக்கு அடியில் எர்த்து ஒயர் வந்து சேரும் போல்ட்,
பச்சைக் களிம்பு பூத்து
விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

கையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
'பிடிபடலையே தம்பி' என்று ஒரு வார்த்தை சொன்னால்
வண்டி இன்று ராத்திரி இங்கே கிடக்கும்.
நாளைக்கு லோடு ஆட்டோ வரும். ஒரு நாள்.
ஒரு நாளில் என்ன புரட்டிவிடுவேன்?
ஆனாலும் ஒரு நாள்.

சும்மா பார்க்கலாம் என்றுதான் களிம்பைச் சுரண்டினேன்.
உள்ளே செம்பு பளிச்சென்று இருந்தது.
அதைப் பார்த்த பிறகு கை சொன்னபடி கேட்கவில்லை.
ஒரு சுற்று. இன்னொன்று. கடைசியாக ஒரு முறுக்கு.

'இப்ப அமுக்கு.'

'அண்ணாச்சீ!' என்று கத்தினான்.
நானும் சிரித்துவிட்டேன், தொடையில் தட்டி.
அப்புறம்தான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.
கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அட்டையை எடுத்து மாட்டினான்.
'பெட்ரோல் முள்ளு பொய் சொல்லும்,
ஆத்துப்பாலம் ஏறுமுன்ன போட்டுக்கோ.'
தலையாட்டினான், என்னைப் பார்க்காமல்.

சிவப்பு விளக்கு முக்கு திரும்பியதும்
பரிபூரணம் கேட்டாள்,
'என்னவாம் அதுக்கு?'

'எர்த்து ஒயரு' என்றேன்.
குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும்.
அவள் டூல் பையின் நாடாவை இழுத்துக் கட்டினாள்.