பதிமூன்றாம் சேனல்

பட்டியலில் எல்லோரும் இருந்தார்கள்.
மூன்றாம் மாடி லூபின்ஸ்கி,
சைக்கிள் கடை, பல் மருத்துவரின் காத்திருப்பு அறை,
'எட்டிப் பார்க்காதே' என்று பெயர் வைத்துக்கொண்ட யாரோ ஒருவர்.
எங்கள் வீட்டை மட்டும் காணவில்லை.

ஆறு வருஷம் கழித்து
சிக்காகோவிலிருந்து போஜெனா கொண்டுவந்தது
இரண்டு பெட்டி, ஒரு முதுகுவலி,
தள்ளுபடியில் வாங்கிய இந்த லேப்டாப்.
இரவெல்லாம் அலுவலகங்களைத் துடைத்த கை
திரையையும் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் தொடுகிறது.
நாளைக் காலை ஒன்பதுக்கு அவளுக்கு நேர்காணல்.
கண்ணாடித் தொழிற்சாலையில் கணக்கு வேலை,
முகத்தைத் திரையில் காட்டினால் போதுமாம்.

வெளியே தார்னூஃபில் மைனஸ் பதினொன்று.
என் போனில் மூன்று வளைவும் முழுசாக நிற்கின்றன.
அவள் மெஷினுக்கு நாங்கள் இந்த உலகத்திலேயே இல்லை.

அணைத்தேன். முப்பது எண்ணினேன். போட்டேன்.
ரவுட்டரைக் கவிழ்த்து
அடியில் ஒட்டியிருந்த பொடி எழுத்தைப் படித்தேன்.
ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றினேன், இறக்கினேன்,
ஜன்னலோரம் ஜெரேனியத் தொட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்தேன்.
அது பச்சையாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தது,
எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று
டெலிபோனில் சொல்லும் புருஷனைப் போல.

நான் பஸ் ஓட்டுகிறவன்.
வண்டி கிளம்பாவிட்டால்
பேட்டரி, டீசல், பெல்ட் என்று கை தானாகப் போகும்.
இதில் கை எங்கே போவது?
நான் விடாக்கண்டன், அது கொடாக்கண்டன்,
நடுவில் இவள், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

பெயரைத் தானே அடித்துப் பார்க்கிறேன் என்றாள்.
கடவுச்சொல்?
"போன்ச்செக்."
தின்கிற போன்ச்செக்கா?
"நாய்."
விரல் நின்றது.
எந்த நாய்?
"இரண்டு வருஷம் இருந்தது. பஸ் டிப்போ வாசலில் கிடைத்தது.
பிறகு ஒரு லாரி."
ஞாயிறுதோறும் பேசினோமே, லெஷெக்.
பேசினோம்தான்.
பனி பற்றி, சம்பளம் பற்றி, அவள் அக்காவின் கல்லீரல் பற்றி.

அடித்தாள். கிடைக்கவில்லை என்றது மெஷின்.

பதினொரு மணிக்கு உதவி எண்ணைப் பிடித்தேன்.
நாற்பது நிமிஷம் பியானோ,
பிறகு ஜலதோஷம் பிடித்த ஒரு பெண்.
பழைய பாட்டையே பாடுவாள் என்று நினைத்தேன்:
அணையுங்கள், முப்பது எண்ணுங்கள்.
அவள் தும்மினாள், மன்னிப்புக் கேட்டாள்,
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"லேப்டாப் எங்கே வாங்கியது?"

"அங்கே வாங்கினது பல சமயம் பதினொன்றோடு நின்றுவிடும், ஐயா.
பன்னிரண்டு, பதிமூன்று என்று சேனல் இருப்பதே
அதற்குத் தெரியாது.
உங்கள் ரவுட்டர் பதிமூன்றில் பேசிக்கொண்டிருக்கிறது."
நான் மாற்றவில்லையே, என்றேன்.
"நீங்கள் மாற்றியிருக்க வேண்டாம்.
கூட்டமில்லாத இடமாகப் பார்த்து
அதுவே மெல்லப் போயிருக்கும்."

அதுவே மெல்ல.

சோபாவில் என் தலையணை கிடந்தது,
கட்டிலை விட்டு எந்த மாதம் அங்கே வந்தது என்று நினைவில்லை.
அடுப்பில், தட்டுக்குத் தேவையில்லாமல்
நின்றபடியே குடித்துப் பழகிய சூப் பாத்திரம்,
அதற்குள் ஒரே ஒரு கரண்டி.

"ஆறாம் சேனலுக்கு இறக்கட்டுமா?
அங்கே நெரிசல். கொஞ்சம் மெதுவாகும்."
போஜெனாவைப் பார்த்தேன்.
அவள் கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
இறக்குங்கள், என்றேன்.

விளக்குகள் அணைந்தன.
சமையலறையில் ரேடியேட்டர் மட்டும் குழறியது.
ஒன்றாக ஒரு விளக்கு, பிறகு இன்னொன்று.
பட்டியல் ஒருமுறை குலுங்கி,
லூபின்ஸ்கிக்கும் பல் மருத்துவருக்கும் கீழே,
ஒரு வளைவு குறைச்சலாக,
கம்பெனிக்காரன் வைத்த எண்களோடு எங்கள் வீடு.

செத்துப்போன நாயின் பெயரை
எழுத்தெழுத்தாக அடித்தாள்.
வட்டம் சுற்றியது,
சுற்றிக்கொண்டே இருந்தது,
நின்றது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:
"என்ன நிறம்?"