இரண்டு இழுப்பு

ஸெனித்சா பேருந்து நிலையம், மூன்றாம் கூண்டு.
கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை.
அதன் வழியாகப் பத்தொன்பது வருடமாய்
ஊர்ப்பெயர்களை விற்றுக்கொண்டிருக்கிறேன்.

என் நெஞ்சை நான் ஊர்களால் அளப்பேன்.
நல்ல நாளில்
‘பான்யா லூக்கா, போகவர, இரண்டு பேர்’
ஒரே மூச்சில் வந்துவிடும்.
சுமாரான நாளில்
பான்யாவுக்கும் லூக்காவுக்கும் நடுவே
ஒரு நிறுத்தம் முளைக்கும்,
எந்த அட்டவணையிலும் இல்லாத நிறுத்தம்.
மோசமான நாளில்
மோஸ்தாரின் ‘மோ’ மட்டும் வெளியே போகும்.
மீதியைப் பயணியே சொல்லி முடிப்பார்.

விற்பது சீட்டு. வாங்குவது மூச்சு.
மாதக் கடைசியில் எப்போதும் நஷ்டம்.

ஊரில் உருக்காலை இருப்பது பெரிய வசதி.
நான் இருமினால் எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள்.
என் கைப்பையைப் பார்க்க மாட்டார்கள்.
அதில் பழுப்பு இன்ஹேலர், நீல இன்ஹேலர்,
இரண்டுக்கும் இடையில் நசுங்கிய சிகரெட் பெட்டி.
காலையில் பழுப்பிலிருந்து இரண்டு இழுப்பு.
வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு
பால்கனியில் காபியோடு பன்னிரண்டு இழுப்பு.
பிறகு, படியேறுமுன்பே
நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும்.
அதற்கும் இழுப்பு என்றுதான் பெயர்.

“புகைக்கிறவர் நெஞ்சில்
இந்த மருந்து எடுபடாது, பெஹியா,”
என்றார் டாக்டர் ஜுபனோவிச்.
“உள்ளே போகும். ஆனால்
அங்கே அது சொல்வதைக் கேட்க ஆள் இருக்காது.”
விட்டுவிட்டேன் என்றேன், உடனே,
பாக்கிச் சில்லறை தருகிற வேகத்தில்.
அவர் நம்பினார். ஊதிப் பார்க்க ஒரு குழாய் தந்தார்,
எண் எழுத ஒரு நோட்டும்.

இருநூற்றிருபது.
இருநூற்றிப் பத்து.
நூற்றித் தொண்ணூறை எழுதக் கை வரவில்லை.

கழிப்பறை வாசலில் காசு வாங்கும் யாஸ்னா
பள்ளி நாளில் நீச்சல்காரி.
குழாயை நீட்டினேன். ஊதினாள். நானூற்று எழுபது.
“யாரிடமும் மூச்சு விடாதே” என்றேன்.
“ஊதச் சொல்லிவிட்டு
மூச்சு விடாதே என்கிறாயே” என்று
டைல்ஸ் அதிரச் சிரித்தாள்.
முதல் வாரம் கொஞ்சம் மெதுவாக ஊது,
சந்தேகம் வரும் என்றேன்.
ஒரு ஊதலுக்கு ஒரு காபி கூலி.

மூன்று வாரத்தில் நோட்டின் கோடு
மலைப்பாதைப் பேருந்து போல ஏறியது.
டாக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.
“மருந்தைப் பாதியாக்கலாம், பெஹியா”
என்று பேனாவை எடுத்தார்.

பேனா முனை காகிதத்தில் பட்டுவிட்டது.
மருத்துவமனை மாடிப்படி இன்னும்
என் விலாவில் ஏறிக்கொண்டிருந்தது.
சொல்ல வேண்டியதோ சின்ன வாக்கியம்.
“அது என்” என்றேன்.
நிறுத்தம்.
அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்.
“மூச்சு”
நிறுத்தம். நீலத்தைத் தேடிக் கை பையைத் துழாவ
சிகரெட் பெட்டி மேசைமேல் விழுந்தது.
“இல்லை” என்பதை
டாக்டரே சொல்லி முடித்தார்.

அவர் திட்டவில்லை.
குழாயை என் பக்கம் தள்ளினார்.
இருநூற்றி ஐந்து. அவர் கையெழுத்தில்.

இன்று ஒன்பதாம் நாள்.
யாஸ்னா காபிக்கு வருகிறாள், ஊதாமலே.
சட்டைப் பையில் நிக்கோட்டின் சூயிங்கம்;
ஈரச் சுவரை மெல்வது போலிருக்கிறது.
எண் இருநூற்று நாற்பது. என்னுடையது.
நேற்று அதைவிடக் குறைவு.
நாளை எப்படியோ.

நாலு மணிக்கு ஒருவர் வந்தார்,
அப்போதுதான் அணைத்துவிட்டு வந்த விரல்கள்.
பான்யா லூக்கா என்றார்.
ஓட்டையருகே குனிந்தேன்,
தேவைக்கும் அதிகமாக.
காது கேட்கவில்லை போலும் என்று நினைத்து
அவர் இன்னும் கிட்டே வந்து
உரக்க, மெதுவாக, மறுபடி சொன்னார்.