மூன்றில் இரண்டு

லாரன்ஸ் ரோட்டில், செருப்புக்கடைக்கு மேலே
பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி.
தெற்குக் காற்று திரும்பினால்
சிப்காட் வாடைக்கு சன்னலைச் சாத்துவோம்.
என் வேலை கேட்பது.
ஒரு குரல் வரும், எட்டு நொடி.
கோபம், சோகம், மகிழ்ச்சி, இயல்பு
நான்கில் ஒன்றை அமுக்க வேண்டும்.
மெஷின் அதைப் பார்த்துப் படித்துக்கொள்ளுமாம்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண்குரல்:
"ஏண்டி நாசமாப் போறவளே,
மணி மூணாவுது, இன்னுமா கொட்டிக்கல நீ?"
பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம், போட்டு என்ஜின்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சோனங்குப்பத்தில் பிறந்தவளுக்கு
இதுகூடத் தெரியாதா?
இப்படித் திட்டாத நாளில்தான்
என்னவோ ஏதோவென்று பயப்படுவோம்.
மகிழ்ச்சியை அமுக்கினேன்.
அன்புக்குப் பொத்தான் இல்லை.

ஒரு குரலுக்கு மூன்று காது.
மற்ற இரண்டும் எங்கே இருக்கின்றனவோ,
கோயம்புத்தூரோ, அடையாறில் ஒரு மாடியோ.
இரண்டும் கோபம் என்றன.
மூன்றில் இரண்டு உண்மை.
என் மார்க் எண்பத்தாறுக்கு இறங்கியது.
எண்பத்தைந்துக்குக் கீழே போனால்
நாற்காலி வேறொருத்திக்கு.
"ஊரை வீட்லயே விட்டுட்டு வா, கனகவல்லி"
என்றார் பெலிக்ஸ் சார்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
அதை எதில் சேர்ப்பது என்று
வீடு போகும்வரை யோசித்தேன்.

அப்புறம் அப்படியே செய்தேன்.
துறைமுகத்துக் குரல் எதுவானாலும் கோபம்.
இழுத்துப் பேசினால் சோகம்.
மார்க் ஏறியது.

வெள்ளிக்கிழமை, சரிபார்க்க வந்த கட்டில்
என் குரல்.
போன வைகாசியில் நாற்பது ரூபாய்க்கு
படித்துக்கொடுத்த வரி:
"விருத்தாசலம் செல்லும் பேருந்து
இரண்டாவது நடைமேடையிலிருந்து புறப்படும்."
அவ்வளவுதான். தாளில் இருந்ததைப் படித்தேன்.
மூன்று பேரும் ஒரே வாயாக: சோகம்.

திரும்பத் திரும்பக் கேட்டேன்.
அன்றைக்கு என்ன?
பதிவுக்காக ஃபேனை நிறுத்தியிருந்தார்கள்.
கழுத்தெல்லாம் வேர்வை.
அவனிடமிருந்து போன் வந்தது
அதற்கு முன்னாலா, பின்னாலா?
'புறப்படும்' என்கிற இடத்தில்
ஏதோ ஒன்று வழுக்குகிறது.
எச்சில் விழுங்கியதாகக்கூட இருக்கலாம்.

ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன்.
பதினைந்து நொடி ஓடுகிறது.
பக்கத்து சீட்டு தெரசா
என் ஹெட்போனில் ஒரு காதை வைத்துப் பார்த்து,
"யாருடி அது, பாவம்" என்றாள்.

தெரியலடி என்றேன்.