கழி வாடகைக்கு விடப்படும்

எர்ணாவூர் மேம்பாலம் இறங்கி
கால்வாயோரம் வந்தால்
போர்டில் ‘கழி’ மட்டும் மிச்சமிருக்கும்.
மற்ற எழுத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது.
அதுதான் என் கடை.

பன்னிரண்டு அடி, நாளைக்கு நாலு ரூபாய்.
பதினெட்டு அடி, ஆறு.
உடைந்தால் இருநூறு.
வெள்ளையடிக்க,
கட்சிக் கொடி கட்ட (முன்பணம் கட்டாயம்),
ஆடிக்கூழ் பந்தலுக்கு,
மாதா தேருக்கு.
மாதாவுக்கும் மாரிக்கும் ஒரே கழிதான்,
சுண்ணாம்புத் துளியைச் சுரண்டிவிட்டு அனுப்புவேன்.

நோட்டில் எல்லாவற்றுக்கும் இரண்டு பத்தி:
போன தேதி, வந்த தேதி.
பாடைக்கு மட்டும் ஒரே பத்தி.
இரண்டு நெடுங்கழி, ஏழு குறுக்குப்பட்டை.
காசு வாங்காமல் கொடுப்பேன் என்று
யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.
வாங்குகிறேன்.

கடைக்குப் பின்னால் சாம்பல் படிந்த சேறு.
முருங்கை வைத்தேன், செத்தது.
தானாய் வந்த எருக்கும் முகம் சுளித்தது.
மாதவரத்திலிருந்து சைக்கிளில் கட்டி
தேசப்பன் கொண்டுவந்த ஐந்து மூங்கில் கிழங்கில்
மூன்று அழுகின.
மற்ற இரண்டும் இரண்டு வருஷம்
ஒன்றுமே செய்யாமல் நின்றன,
கடன் கேட்க வந்து சொல்லக் கூசுகிறவன் மாதிரி.
மூன்றாம் வருஷம் ஒரு மழை.
விடிந்தபோது கணுக்கால் உயரம்,
மறுநாள் முழங்கால்,
சம்பள நாளைக்கு என்னைத் தாண்டிவிட்டது.

தேய்பிறையில் வெட்டுவேன்.
கால்வாயில் பதினைந்து நாள் ஊறப்போடுவேன்.
அந்தத் தண்ணியில் ஊறிய கழியை
இதுவரை எந்த வண்டும் துளைத்ததில்லை.
மணலி எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம்.

இலையைத் தொட்டால் விரல் கறுக்கும்.
காற்றை வடிகட்டுகிறது என்று
ஒரு கல்லூரிப் பெண் வந்து எழுதிக்கொண்டு போனாள்.
இருக்கலாம்.
புதருக்கு இந்தப் பக்கம் காயும் வெள்ளைச்சட்டை
பாதி வெள்ளையாய் இருக்கிறது,
அது எனக்குத் தெரியும்.

வெள்ளத்தில் கரை சரிந்தது,
அமுலு வீட்டுக் கக்கூசையும் இழுத்துக்கொண்டு.
மூங்கில் வேர் பிடித்திருந்த பத்தடி மட்டும் நின்றது.
ஐந்தாம் கணுவரை எண்ணெய்க் கோடு,
இன்னும் போகவில்லை.
அன்றைக்கு ராத்திரி நோட்டில் எழுதாமல் கொடுத்தேன்
நாலு கழி, இரண்டு டிரம், தாம்புக்கயிறு.
மஸ்தான் தள்ளிக்கொண்டு போனான்.
திரும்பி வந்தபோது அதன்மேல்
நிறைமாத ரெஜினா,
அவள் மடியில் ஒரு தையல் மிஷின்.
அந்த நாலு கழியும் வரவில்லை.
நண்டு வலைக்கு ஊன்றிவிட்டான்.
கேட்டால்,
“ஆத்துக்கிட்ட கேளுக்கா, அதுதான் வச்சினுகீது” என்கிறான்.

நேற்று மேசைக்கடியில் சிமென்ட் விரிந்தது.
உள்ளேயிருந்து ஊதா நிறத்தில்
மயிர் அடர்ந்த உறை போர்த்திய ஒரு கூர்முனை.
பின்தெரு அசாம்காரி ரூபாலி எட்டிப் பார்த்து
வெட்டிக் கொடு, மீனோடு குழம்பு வைக்கிறேன் என்றாள்.
வெட்டலாம்.
கத்தி கையில்தான் இருந்தது.
அவளுக்கு வேறு குருத்து இரண்டு காட்டினேன்.

மேசையை ஓரடி தள்ளிப் போட்டேன்.
நாற்காலி இப்போது பாதி வெயிலில்.
நோட்டைத் திறந்து எழுதினேன்:
மூங்கில். ஓரடி இடம்.
போன தேதி, இன்று.