இரண்டு அங்குலம்

பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது வண்டி,
தண்ணிக்குக் குனிந்த மாடு மாதிரி.
பெட்டிகளை விற்றுப் பதினோரு மாதம்.
இடுப்புயர பாஸ் பெட்டி இரண்டு,
ஆம்ப்ளிபயர், கேபிள் சுருள், டீசல் கேன்
எல்லாம் தாங்கட்டும் என்று
மார்த்தாண்டத்தில் சொல்லிச் செய்த ஸ்பிரிங்
இன்னும் அந்தப் பாரத்துக்கே
விறைத்து நிற்கிறது.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் கருங்கல் சந்தைக்குப் போனால்
ஒவ்வொரு குழியிலும் கூரைக்கு அனுப்பித்
திரும்பப் பிடிக்கும்.
முட்டையை நான் மடியில் வைத்துக்கொள்வேன்.
அப்படியும் ஒருநாள் ஆறு போனது.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது.
என் தையல் டேப்பை எடுத்துப்போய்
சக்கர வளைவிலிருந்து தரைவரை பிடித்தார்.
முப்பத்தேழரை.
"பின்னால ஏறி இரி, பாப்போம்."
ஏறினேன். டிக்கியில் அடுத்த வீட்டு அஜினும் ஏறினான்.
முப்பத்தேழரை.
சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் இறங்கினேன்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து,
சேசிஸுக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் நிறுத்தி,
வண்டியைத் தோளால் இடித்துப் பார்த்துவிட்டு
அடியில் போனார் டென்னிசன்.
எனக்குக் கால்கள் மட்டும்.
"டார்ச்ச இங்க அடி. அங்க இல்ல, இங்க."
இங்க என்பது எங்கே என்று
இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரியாது.

ஷாக் அப்சார்பர் போல்ட் அசையவில்லை.
இனயத்தில் பத்து ராத்திரி, தூத்தூரில் பத்து ராத்திரி,
ஒவ்வொரு திருவிழாவிலும் கடலுக்கு முதுகு காட்டி நின்ற உப்பு.
மண்ணெண்ணெய் விட்டார். சாயா குடித்தார்.
ஸ்பேனரின் வாலில் பைப்பைச் செருகித் தொங்கினார்.
"விடுகதுக்கு முன்ன ஒரு சத்தம் வரும், கேட்டியா?"
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
அவருக்குக் கேட்டிருந்தது.
அடுத்த இழுப்பில் விட்டது.

ஜாக்கியைச் சொட்டுச் சொட்டாய் இறக்க
ஆக்சில் தாழ்ந்தது.
"பிரேக் ஓஸ் இழுபடுதா பாரு."
அன்றைக்கு எனக்குத் தெளிவாகப் புரிந்த ஒரே வேலை.
பார்த்தேன். இழுபடவில்லை என்று
நாலு தடவை சொன்னேன்.

வெளியே வந்த பழைய ஸ்பிரிங்
உள்ளே இருந்ததைவிட உயரமாய் நின்றது.
அஜின் அதன்மேல் ஏறி நின்றான். மசியவில்லை.
"எல்லாரும் வண்டிய ஏத்திக்கிட்டிருக்கானுவ,
நீங்க எதுக்கு அண்ணே எறக்குதீங்க?"
"ஏத்த சாமானம் இல்லடே"
என்றது வண்டிக்கடியிலிருந்து ஒரு குரல்,
போல்ட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு.

புதிய ஸ்பிரிங் சிவப்பு, குட்டை.
முதலில் தலைகீழாக வைத்தார்.
அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் சக்கரம் பூட்டி,
முற்றத்தில் முன்னும் பின்னும் நாலு தடவை உருட்டி
மறுபடி டேப்.
இடது முப்பத்தைந்தரை.
வலது ஒரு நூல் குறைவு.
ரவிக்கையில் நான் இதை விட்டுவிடுவேன்.
அவர் விடவில்லை, குந்தியிருந்து பார்த்தார்.
ஆக்சில் முழுசாக இடதுபக்கம்
அரை விரல் ஒதுங்கியிருந்தது.
"எறக்கினா இப்பிடித்தான் ஒதுங்கும்."
"நேராக்க முடியாதா?"
"முடியும். அதுக்கு வேற கம்பி வேணும்."
கம்பிக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

இருட்டியதும் விளக்கைப் போட்டால்
பின்னால் இறங்கியது முன்னால் ஏறியிருக்கிறது.
வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு
எதிர்த் தோட்டத்து ரப்பர் மரங்களில்
கவிழ்த்து வைத்த சிரட்டைகளையும் தாண்டி
உச்சிக் கிளைகளுக்குப் போய்விட்டது.
கிளையிலிருந்து ஏதோ பறந்தது.

திருகுளியோடு பானட்டுக்குள் குனிந்தவர்
அப்படியே நின்றார்.
பள்ளியாடிப் பக்கமிருந்து
காற்று விட்டு விட்டுக் கொண்டுவந்தது,
பாட்டு இல்லை, அதன் அடிச்சத்தம் மட்டும்.
"பாஸ் கூடுதல்" என்றார்.
"யாரு பெட்டி?"
அதற்குப் பதில் இல்லை.
திருகை அரைச் சுற்றுத் திருப்பினார்.
கிளைகள் அணைந்தன, சிரட்டைகள் அணைந்தன,
ரோடு வந்தது.